அண்ணை சொன்னவர்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவில் இருக்கும் தோழி வாட்ஸ்அப்பில் கேட்டாள். "சும்மா பம்பலா எழுது. வாசிக்கிற சனம் சிரிக்கவேணும்" என்று கட்டளையும் போட்டாள். பம்பலுக்கு நம் பள்ளியில் பஞ்சமே இருந்ததில்லை. ஹரோவில் வாடகைக்கு எடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தில், ஹீட்டரின் மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டுவிட்டு, 'ழ' வராமல் நாம் பட்ட பாட்டை எழுதினாலே பக்கம் நிறைந்துவிடும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்தது வேறொன்று. என்னோடு அந்தச் சின்னக் கதிரைகளில் இருந்தவர்களே, இப்போது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சிரிப்புக்கு வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லிவிட்டேன்.

நமக்குப் பத்து வயது நடந்த அந்த ஐப்பசியைச் சொல்கிறேன். ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். இணையம் இல்லை, கைத்தொலைபேசி இல்லை. இங்கத்தைய தொலைக்காட்சியில் நம் ஊர் வருவதென்றால் உலகத்தில் வேறெதுவும் நடவாத நாளாக இருக்கவேண்டும். நமக்கிருந்தது ஒரு தொலைபேசி இலக்கம்தான். அதை அழுத்தினால், யாரோ ஒருவர் தன் வீட்டு மெஷினில் பேசிப் பதிந்துவைத்த அன்றைய செய்தி ஓடும். உங்கள் வீடுகளிலும் தொலைபேசிக்கு மேலே சுவரில் அந்த இலக்கம் எழுதியிருந்திருக்கும்.

அழுத்துவது என் வேலை. மாலையில் லண்டனில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் அதே இலக்கத்தை அழுத்தும். லைன் கிடைக்காது. டூட் டூட் என்று அடிக்கும் சத்தத்தில் வைத்துவிட்டு மறுபடி, மறுபடி. கிடைத்துவிட்டால், "கிடைச்சிட்டுது!" என்று கத்துவேன். அம்மா கரண்டியோடு ஓடி வருவார். தொலைபேசியின் காதுப் பக்கம் எப்போதும் அம்மாவின் நல்லெண்ணெய் மணக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் கண்டதில்லை, பெயரும் தெரியாது. ஆனால் அவருக்குத் தடிமன் பிடித்தால் அம்மாவுக்குக் கவலை வந்துவிடும். "பாவம், கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கவேணும் அந்தத் தம்பி" என்பார். அந்தத் தம்பி இருமிக்கொண்டே எந்த ஊரில் செல்குண்டு விழுந்தது, எந்தச் சந்திவரை ஆமி வந்துவிட்டது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சனம் தங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எல்லாம் ஒரே குரலில் வரும். அழுத்தமும் கிடையாது, அவசரமும் கிடையாது.

நம் பள்ளி இடைவேளையில் நாம் என்ன கதைத்தோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? "உங்கடை ஊர் போட்டுதோ?" என்று கேட்போம்; ஆமியின் கைக்குப் போய்விட்டதா என்று அர்த்தம். "எங்கடை இன்னும் இருக்கு" என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துவான். பாதிப் பேர் அந்த ஊர்களைக் கண்டதே இல்லை. பந்தடிக் கணக்குப் போலத்தான் எங்களுக்கு அது. ஒருநாள் ஒரு பையன், சிப்ஸ் பக்கெற்றைப் பிரித்துக்கொண்டே, "எங்கடை ஊர் நேற்றுப் போட்டுது" என்றான். அதே ஊர்தான் நம் ரீச்சருக்கும். அவர் பின்னால் நின்றதை நாம் கவனிக்கவில்லை. இடைவேளை முடிந்தும் அவர் வகுப்புக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது, பிள்ளைகளின் கோட்டுகள் கொழுவியிருந்த இடத்தில், ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வீடு ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டறை வீடு. அப்பா பெற்றோல் ஷெட்டில் காசாளர். ஊரில் அவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில் வேலை பார்த்தவர். யாருடைய வளவு எங்கே முடிகிறது, எந்த ஒழுங்கை எந்தக் குளத்தடியில் போய் ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுவருக்கு ஒட்டி மிஞ்சிய வோல்பேப்பரின் பின்பக்கத்தில் அவர் எங்கள் ஊர் இருக்கும் குடாநாட்டை வரைந்து முன்னறையில் ஒட்டியிருந்தார். நிதானமாக, அழகாக வரைந்த படம். அம்மா பொத்தான் போட்டுவைக்கும் ரின்னை எடுத்துவைத்து, பொத்தான்களை புளூ டாக் பசையில் அதன்மேல் ஒட்டுவார். ஆமிக்குச் சிவப்புப் பொத்தான். அது என் கோட்டிலிருந்து கழன்ற பொத்தான். அதனாலேயே என் கோட்டு அந்த வருஷம் முழுவதும் ஒரு பொத்தான் இல்லாமல் திறந்தபடி கிடந்தது. சனம் தங்கியிருக்கும் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மண்ணிறப் பொத்தான். ஒரேயொரு வெள்ளைச் சிப்பிப் பொத்தான் இருந்தது. அது மாமியின் வீடு.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. ஊரில் புருஷனோடும் மகளோடும் இருந்தவர். மகள், அதாவது என் மச்சாள், எனக்கு ஒத்த வயது. கொழும்புக்கு வருகிறவர்களிடம் மாமி எங்களுக்குப் பனங்கட்டியும் மிளகாய்த் தூளும் கொடுத்துவிடுவார். துணியில் பை தைத்து, வாயை மடித்து, ஒரு பொத்தான் வைத்து மூடியிருப்பார். மற்றவர்களின் பொதிகள் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மாமியினதற்கு மட்டும் சட்டை போட்டதுபோல இருக்கும். அந்தப் பொத்தான்களில் ஒன்றுதான் இது. அதில் தூளின் மணம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் அடிக்கடி போய் மோந்து பார்ப்பேன்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்களுடைய தகப்பன் இளவயதிலேயே போய்விட்டார். அன்று முதல் மாமிக்கு எல்லாம் அண்ணைதான். அண்ணை லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் இரவுபகலாக நிற்கிறார் என்பதால் அந்தப் பதவி குறைந்துவிடவில்லை. "அண்ணை, வெள்ளைப் பசுவை விற்கட்டோ?" என்று கேட்டு ஆள் வழியாகச் சொல்லி அனுப்புவார். "கிணத்தடி முருங்கையைத் தறிக்கட்டோ?" முருங்கை தறிக்கவும் லண்டனிலிருந்து உத்தரவு போகவேண்டும். அம்மா சிரிப்பார். "அங்கை பசு கன்று போட்டுப் பாலும் வத்தியிருக்கும், உங்கடை பதில் போக" என்று அப்பாவைச் சீண்டுவார். அப்பா சிரிக்கமாட்டார். யோசித்துத்தான் பதில் சொல்லுவார். இங்கே அவரை 'மேட்' என்றும் 'போஸ்' என்றும் கூப்பிட்டுச் சிகரெட் வாங்கிப் போகிறவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அங்கே ஒரு வீட்டில் அவர் சொல்லாமல் முருங்கை விழாது. அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு நாற்பதை எட்டிய பிறகுதான் விளங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் சிநேகிதர்கள் வருவார்கள். தேத்தண்ணியும் பற்றிசும் எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நிற்பார்கள். ஒருவர் சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இவன் கரையாலைதான் வருவான்" என்பார். மற்றவர், "இல்லை, றோட்டாலை" என்பார். கடைசியில் எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள். காணிப் பகுதியில் இருந்தவர் அல்லவா? அப்பா விரலால் ஒரு கோடு இழுத்து, "இப்பிடித்தான் வரும்" என்பார். இரண்டு முறை அவர் சொன்னபடியே நடந்தும்விட்டது. அதுதான் பிழையாகப் போயிற்று.

அந்த வாரங்களில் ஆமி கிட்டக் கிட்ட வந்தது. மாமி வீட்டுக்காரர் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இருப்பதா, வெளிக்கிட்டு அக்கரைப் பக்கம் போவதா? போவதென்றால் நீரேரிக்கு மேலால் போகும் ஒரே பாலத்தைக் கடக்கவேண்டும். அப்பா படத்தில் அந்தப் பாலத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சனம் முழுக்க இதிலை வந்து நெரிபடேக்கை மேலாலை பொம்பர் வந்து குண்டு போட்டால்? ஒருத்தரும் மிஞ்சாயினம். வீட்டிலை பங்கர் வெட்டிக் கிடக்கு. ஆமி றோட்டாலை போகும், அவளின்ரை வீடு உள்ளுக்கு. அவள் அசையக் கூடாது."

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "சனம் போற பக்கம் அவளும் போகட்டுமன். அங்கை நிக்கிறவளுக்குத் தெரியாததோ இஞ்சை நிக்கிற எங்களுக்குத் தெரியப்போகுது?"

"உமக்கு அந்த இடம் தெரியாது."

"இடம் தெரியாது. சனத்தைத் தெரியும்."

"என்ரை தங்கச்சியின்ரை விஷயத்தை நான் பாக்கிறன்" என்றார் அப்பா. அதற்குமேல் அம்மா வாய் திறக்கவில்லை. புருஷன் வீட்டு ஆட்களின் விஷயத்தில் அந்தச் சொல் விழுந்தால் அது பூட்டுத்தான்.

ஊருக்குத் தொலைபேசி இல்லை. கொழும்பில் லொட்ஜ் வைத்திருந்த அப்பாவின் பள்ளிச் சிநேகிதருக்கு எடுக்கவேண்டும். அவர் ஊருக்குச் சாமான் கொண்டுபோகும் ஒரு வியாபாரியிடம் சொல்லுவார். வியாபாரி காவலரண்களைத் தாண்டி, குடாநாட்டுக்கு வெளியே உள்ள பெரிய நீரேரியைப் படகில் கடந்து, சைக்கிளில் போய் வீட்டு வாசலில் சொல்லுவார். வழியில் சோதனை கடுமை என்பதால் எழுதிக் கொடுக்க ஏலாது, வாயால்தான்.

அப்பா அன்று அரை மணித்தியாலம் கதைத்தார். நான் தொலைபேசி வயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இப்போதைக்கு அசைய வேண்டாம். ஆமி இன்ன சந்தியைத் தாண்டினால் அம்மன் கோயிலடிக்குப் போகவேண்டும். ஊர் முழுக்க வெளிக்கிட்டால் நீங்களும் வெளிக்கிடுங்கோ, ஆனால் பாலத்தைப் பகலில் கடக்கவேண்டாம். இப்படி எல்லாம் யோசித்து யோசித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். மறுமுனையில் லொட்ஜ்காரர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"எட மச்சான், அவன் அரிசியும் சவுக்காரமும் கொண்டு போறவன். உந்த நீட்டுக்கு உதுகளை ஞாபகம் வைச்சிருப்பானோ? சுருக்கிச் சொல்லு."

அப்பா சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "சரி. வீட்டை விட்டு அசைய வேண்டாமாம், அண்ணை சொன்னவர் எண்டு சொல்லச் சொல்லு."

வைத்துவிட்டு, வெள்ளைப் பொத்தானைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒன்று. லைன் கிடைத்து நான் கத்தினேன். அந்தத் தம்பியின் குரல் வழக்கம்போலத் தொடங்கியது. பிறகு நின்றுவிட்டது. மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: மாலையில் இயக்கம் எல்லோரையும் வெளியேறச் சொன்னது, இப்போது ஊர் முழுவதும் மழைக்குள் அந்தப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; வயோதிபரைச் சைக்கிளில் வைத்து உருட்டுகிறார்கள்; பிள்ளைகள் தாகத்தில் குடையை விரித்துப் பிடித்து மழைத் தண்ணி குடிக்கிறார்கள்; நடக்க ஏலாதவர்கள் றோட்டோரத்தில் இருந்துவிட்டார்கள். அந்தக் குரல் அழுதுகொண்டு செய்தி சொன்னது அன்று ஒருநாள்தான்.

அப்பா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி முழுவதையும் கேட்டார். வைத்தார். மறுபடி தானே இலக்கத்தை அழுத்தினார். அதே பதிவுதான் ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? மறுபடியும் எடுத்தார். பிறகு கொழும்புக்கு எடுத்தார். "அந்த ஆளைத் திருப்பு. மாத்திச் சொல்லச் சொல்லு, வெளிக்கிடட்டுமாம் எண்டு சொல்லு" என்று கத்தினார். லொட்ஜ்காரர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அப்பா "எப்ப போனவன்? எப்பவோ போட்டானோ?" என்று கேட்டது மட்டும் கேட்டது. சொல் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வியாபாரியைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

அந்த ஒரு கேள்விதான் அப்பாவுக்கு மிஞ்சியது. சொல் போய்ச் சேர்ந்திருக்குமா, இல்லையா? சேராமல் இருந்தால் மாமி சனத்தோடு சனமாகப் போயிருப்பார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா, தன் சொல் தங்கையின் காதில் விழாமல் இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டார். கேட்டார் என்பதை ஊகித்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்களை ஆர்ச்வேக்குக் கூட்டிக்கொண்டு போய், றோட்டு ஏற்றத்தில் என் கையை இழுத்தபடி நடந்து, முருகன் கோயிலில் மாமியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். ஐயர் மாமியின் பெயரை உரத்துச் சொன்னபோது அப்பா, "போகாமல் இருக்கவேணும், அந்தச் சொல் போகாமல் இருக்கவேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார். எந்தச் சொல் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விபூதி என் கண்ணில் விழுந்து எரிந்ததுதான் அன்று எனக்குப் பெரிய கவலை.

அடுத்த வெள்ளியும் போனோம். அதற்கடுத்ததும் போனோம். நாட்களைப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, உயிரோடு இல்லாத ஒருவருக்கு நாங்கள் ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்திருக்கிறோம் என்று தெரிந்தது.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை. லொட்ஜ்காரர் எடுத்தார். அப்பா வேலையில். அம்மாதான் ரிசீவரை எடுத்தார். "ஓம்... ஓம் அண்ணை... பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். "பிள்ளை சுகமோ? வடிவாத் தெரியுமோ?" பிறகு வைத்துவிட்டு, அடுப்பை நிற்பாட்டி, நேரே குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

நம் தாய்மார்கள் தலையில் முழுகுவது செவ்வாயும் வெள்ளியும்தான். அது உங்களுக்கும் தெரியும். புதன்கிழமை பட்டப்பகலில், கார்த்திகைக் குளிரில், வீட்டுப் பெண் தலையில் தண்ணீர் வார்த்தால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு.

அப்பா பெற்றோல் மணக்கும் ஜாக்கெற்றோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா முன்னறையில் நின்றார். கூந்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கம்பளத்தில் தண்ணீர் விழுந்தது. அப்பா அம்மாவின் தலையைப் பார்த்தார். சப்பாத்துக்கூடக் கழற்றாமல் படத்தடிக்குப் போய், வெள்ளைப் பொத்தானை நகத்தால் கிளப்பி எடுத்து, சட்டைப் பையில் போட்டார். அதன்பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை இருக்குதாம்" என்றார் அம்மா. "பிள்ளை அயலட்டைச் சனத்தோடை வெளியிலை வந்திட்டுதாம்."

மாமியும் மாமாவும் வீட்டில் நின்றுவிட்டார்கள். செல் பங்கரில் விழவில்லை, குசினியில் விழுந்தது. போகாமல் மிஞ்சியிருந்த ஒரு கிழவர் இருவரையும் வாழைத் தோட்டத்துக்குள் குழி வெட்டித் தாட்டாராம். மச்சாளைப் பிறகு கனடாவில் இருந்த அவளுடைய சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஏன் நின்றார்கள் என்பதைச் சொல்ல அந்தக் கிழவருக்கும் தெரியவில்லை.

படம் சுவரிலிருந்து எப்போது இறங்கியது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பொத்தான் சட்டையோடு தோய்க்கப் போய்த் தொலைந்துவிட்டது. அப்பா வோஷிங் மெஷினைக் கழற்றித் தேடினார். கிடைக்கவில்லை. அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் நான் மகளே இல்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்ற வார்த்தையை, அன்றிலிருந்து அப்பா கண்மூடும்வரை, எவ்வளவு கோபத்திலும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மீன் குழம்புக்கு உப்புக் கூடியதற்கெல்லாம் "நான் அப்பவே சொன்னனான்" என்று துள்ளுகிற மனுசி அவர்.

அப்பாவைத்தான் நாம் எல்லோரும் பிழையாக எடைபோட்டோம். நினைவிருக்கிறதா? ஏ லெவலுக்கு என்ன பாடம் எடுப்பது என்று உங்கள் தகப்பன்மார் மேசையில் அடித்துச் சண்டை பிடித்த காலம். நான் அப்பாவிடம் கேட்டால், "உனக்கு விருப்பமானதை எடு பிள்ளை" என்பார். பல்கலைக்கழகத்துக்கு எங்கே போவது? "நீ யோசிச்சுச் செய்." கலியாணம் பேசிவந்தபோதும், "அவளைக் கேளுங்கோ, எனக்குத் தெரியாது." உங்களுக்கெல்லாம் பொறாமை. "உன்ரை அப்பா மாதிரி வருமோ, எவ்வளவு மொடேர்ன்" என்பீர்கள். எனக்கோ உள்ளுக்குள் கோபம். இந்த மனுசனுக்கு என்மேல் அக்கறையே இல்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன். கடைக்குப் போகும்போது குடை கொண்டுபோகச் சொல்லக்கூட மாட்டார். மழையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்ளுவார். தான் சொன்னால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று அந்த மனிதர் பயந்துகொண்டே வாழ்ந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

மச்சாள் லண்டனுக்கு வந்தது நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கலியாணத்துக்கு. கனடாவிலிருந்து வருஷப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் எடுப்பாள். அப்பா இரண்டு சொல் கதைத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நேரில் சந்தித்தது அதுதான் முதல் தடவை. மாமியின் நெற்றியும் மாமியின் நடையும் அப்படியே என்றார் அம்மா. அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமலே இருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் இருந்தோம். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"பிள்ளை... நான் அப்ப ஒரு ஆளிட்டைச் சொல்லி விட்டனான். அது உங்களுக்கு வந்ததோ?"

அம்மா குசினிக் குழாயைத் திறந்துவிட்டார். ஒரு கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவினார்.

"இல்லை மாமா" என்றாள் மச்சாள். "ஒருத்தரும் வரேல்லை."

"வரேல்லையோ?"

"இல்லை மாமா."

"அப்ப ஏன் அவள் நிண்டவள்?"

"அப்பாவுக்குக் காய்ச்சல். நடக்க ஏலாது. அவரை விட்டிட்டு வர அம்மாவுக்கு மனமில்லை. அதுதான்."

"அப்பிடியோ" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து மறுபடி, "அப்பிடியோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா குழாயை நிற்பாட்டியது அப்போதுதான்.

அடுத்த நாள் காலை மச்சாள் புறப்படும்போது அப்பா வாசல்வரை ஊன்றுதடியோடு வந்தார். வானத்தைப் பார்த்தார். "பிள்ளை, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. லண்டன் வெயிலை நம்ப ஏலாது. பொத்தானையும் பூட்டு" என்றார். எத்தனை வருஷமாயிற்று, அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து! என்னையும் பார்த்து, "நீ அவளை பிளாட்ஃபோம் வரைக்கும் கொண்டுபோய் விடு, பாதியிலை திரும்பி வாறேல்லை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு அவர் இருந்த கொஞ்சக் காலத்தில், மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் குடிப்பதா பின் குடிப்பதா என்பதிலிருந்து என் மகளின் படிப்புவரை எல்லாவற்றுக்கும் புத்தி சொல்லித் தீர்த்தார். என் மகள் தாத்தாவுடன் சண்டை பிடிப்பாள். நான் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

போன மாரியில் அப்பா போய்விட்டார். அதனால் இனி இதைச் சொல்லலாம். மச்சாளும் எழுது என்று சொல்லிவிட்டாள்.

மச்சாள் புறப்பட்ட அன்று காலை நாங்கள் இருவரும் ஹரோ ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஆடி மாதம். வெயில் சுள்ளென்று அடித்தது. பிளாட்ஃபோமில் இருந்தபோது நான்தான் தொடங்கினேன். "அப்பாவுக்கு இண்டைக்குத்தான் உயிர் வந்திருக்கு. மாமாவுக்குக் காய்ச்சல் எண்டு எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

மச்சாள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"காய்ச்சலும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றாள். "அந்த ஆள் வந்தது. சைக்கிளிலை வந்து படலையடியிலை நிண்டு சொன்னது. வீட்டை விட்டு அசைய வேண்டாமாம், அண்ணை சொன்னவர் எண்டு. அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ? அண்ணை அங்கையிருந்தும் எங்களையே நினைச்சுக்கொண்டு இருக்கிறார் எண்டு அயலட்டை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எல்லாரையும் போகச் சொல்லி அறிவிச்சவுடனை பக்கத்து வீட்டு அன்ரி வந்து காலிலை விழாத குறை. அம்மா அசையேல்லை. அண்ணை காரணமில்லாமல் சொல்லமாட்டார் எண்டு சொன்னவ. அப்பாவும் அம்மாவை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டிட்டார். பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தி, தலை இழுத்து, ரெண்டு பின்னல் பின்னினவ. மழை. பின்னி முடியுமட்டும் ஒண்டும் கதைக்கேல்லை. முடிச்சுப்போட்டு, அண்ணை எனக்குத்தான் சொன்னவர், உனக்கு ஒண்டும் சொல்லேல்லை, நீ போ எண்டு சொல்லி என்ரை கையை அன்ரியின்ரை கையிலை குடுத்தவ."

ரயில் வருவதாக அறிவித்தார்கள். மச்சாளின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. சுற்றியிருந்த சனம் அரைக்கைச் சட்டையோடு எங்களைப் பார்த்தது.

"கழட்டன் அந்தக் கோட்டை, வேர்த்துக் கொட்டுது" என்றேன்.

"இல்லை" என்றாள் மச்சாள். "மாமா சொன்னவர்."